கோதுமை மாவில் அளந்த இடைவெளி

துரையின் காருக்கு இரும்புத் தகடு அடித்ததும் நாங்கள்தான், அந்தத் தகட்டின் கனத்தை இழுக்க முடியாமல் கார் முனகியபோது இன்ஜினைப் பிரித்ததும் நாங்கள்தான். நாங்கள் என்றால் இரண்டு பேர். மலாக்காவில் மஸ்ஜித் தானாவிலிருந்து கோலா சுங்கை பாரு போகும் வழியில், சாலையை விட்டு உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர் தோட்டத்தின் ஒர்க்‌ஷாப்பில் ஃபோர்மேன் ஒருவர், அவருக்குக் கீழே ஃபிட்டராக நான். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. தோட்டத்துப் பள்ளியில் ஆறாவது வரை படித்திருந்தேன். இப்போது ஐம்பதை நெருங்கிவிட்டேன். வாயால் சொல்ல வராது என்பதால் இதை எழுதுகிறேன்.

அது மலாயாவில் எமர்ஜென்சி காலம், காட்டில் பதுங்கியிருந்த கம்யூனிஸ்ட்காரர்களை வெள்ளைக்கார அரசாங்கம் வேட்டையாடிக்கொண்டிருந்த சமயம். தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி இரட்டை வரிசையில் முள்கம்பி வேலி. காலையில் பால் எடுக்க மரம் வெட்டப் போகிறவர்கள் கேட்டில் வரிசையாக நின்று சோதனைக்கு உடம்பைக் கொடுத்துவிட்டுத்தான் வெளியே போக வேண்டும். ஒரு பிடி சோறுகூட வேலியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அது காட்டில் இருக்கிறவர்களுக்குப் போய்ச் சேரும் என்று அரசாங்கம் நினைத்தது. அது முழுப் பொய்யும் இல்லை. அரிசி ரேஷனில் அளந்து வந்தது. வெறும் வயிற்றோடு வெயிலில் நின்று பால் சேர்த்துவிட்டு, மதியம் லயத்துக்குத் திரும்பித்தான் எல்லாரும் சாப்பிட்டார்கள். எங்கள் ஒர்க்‌ஷாப் ஃபேக்டரிக்குப் பக்கத்தில், வேலிக்கு வெளியே இருந்தது. அதனால் எனக்கும் அதே சோதனை, அதே பட்டினி.

நான் அக்கா வீட்டில் இருந்தேன். அக்காவின் புருஷன்தான் துரையின் கார் டிரைவர். மச்சான் என்று நான் கூப்பிடுவேன், அவர் என்னை மாப்ள என்பார். நான் வாய் திறக்காதவன் என்பதால் வீட்டில் இரண்டு பேருடைய பேச்சையும் அவரே பேசிவிடுவார். "மாப்ளைக்கு இன்னும் கொஞ்சம் கொழம்பு வேணுமாம்" என்று அக்காவிடம் சொல்வார். நான் கேட்டிருக்க மாட்டேன். ஆனால் எனக்கு வேண்டியதாகத்தான் இருக்கும்.

துரை, தோட்டத்து வெள்ளைக்கார மேனேஜர், தினமும் காலையில் தோட்டத்தின் தூரத்துப் பகுதிக்குப் போய்வருவார். வழியில் ஒரு மேடு. மேட்டின் நடுவில் பாதை கொக்கி மாதிரி வளையும். இரண்டு பக்கமும் காடு. தகடு அடித்த பிறகு கார் அந்த மேட்டில் மாடு மாதிரி ஏறியது. ஒரு தடவை காட்டுக்காரர்கள் மேலே இருந்து சுட்டார்கள். குண்டு பின்பக்கத் தகட்டில் பட்டுத் தெறித்தது. அன்று சாயங்காலம் மச்சான் சாப்பிடாமல் படுத்தார்.

மறுநாள் துரை ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். ஜப்பான் சண்டைக்கு முன்னால் அவர் சிங்கப்பூரிலும் ஜொகூரிலும் மேடேறும் கார்ப் பந்தயங்களில் ஓட்டியவர். லயத்துத் தமிழ் அவருக்குக் கணக்கெழுதும் கிராணியைவிட நன்றாக வரும். அதில் மரியாதை மட்டும் இருக்காது. எல்லாருக்கும் 'நீ'தான்.

"வண்டிக்குப் பலம் வேணும்" என்றார் ஃபோர்மேனிடம். "தகட்டைக் கழட்ட முடியாது. இன்ஜினைத்தான் மாத்தணும். பந்தயக் கார் மாதிரி செய்வியா?"

"செஞ்சிரலாம் தொரை" என்றார் ஃபோர்மேன். அவர் ராணுவ ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர். முடியாது என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

சிங்கப்பூரிலிருந்து ஒரு மரப்பெட்டியில் கேம்ஷாஃப்ட் வந்தது. வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு அது. பந்தயத்துக்கென்று செதுக்கியதால் வால்வுகளை வழக்கத்தைவிட ஆழமாகத் தள்ளித் திறக்கும். சிலிண்டர் ஹெட்டை மலாக்கா டவுனில் ஒரு கடைசல் பட்டறைக்குக் கொண்டுபோய் அடிப்பாகத்தைச் சீவிக்கொண்டு வந்தோம். ஹெட் தாழ்ந்தால் அழுத்தம் கூடும், பலம் வரும். ஆனால் வால்வும் பிஸ்டனும் இரண்டு பக்கத்திலிருந்தும் நெருங்கி வரும். ஒன்றையொன்று தொட்டால் இன்ஜின் அந்த இடத்திலேயே செத்துவிடும். ஆகவே மூடுவதற்கு முன்னால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு இடைவெளியையும் அளக்க வேண்டும்.

அந்த வேலை எனக்குப் பிடிக்கும். பேச வேண்டாம். அங்குலத்தை ஆயிரமாக வகுத்து அதில் ஒன்று இரண்டு என்று எண்ணுவோம். அந்த ஆயிரத்தில் ஒன்றுக்குத் தௌ என்று பெயர். பேரிங்குக்கும் தண்டுக்கும் நடுவே ஈயக் கம்பியை வைத்து முடுக்கி, பிரித்து, நசுங்கிய கம்பியின் கனத்தைப் பார்ப்பேன். பிஸ்டன் வளையத்தை வெறும் சிலிண்டருக்குள் இறக்கி, அதன் இரண்டு முனைகளுக்கும் நடுவே ஃபீலர் தகட்டை நுழைப்பேன். ஆறு சிலிண்டர், பதினெட்டு வளையம். ஒன்றையும் விடவில்லை. அதையெல்லாம் சரியாகச் செய்தேன் என்று இன்றும் சொல்வேன்.

வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே ஃபீலர் போகாது. அங்கே எங்கள் வழக்கம் அரிசி மாவு. கொழுக்கட்டைக்குப் பிசைவது மாதிரி வெந்நீரும் கொஞ்சம் எண்ணெயும் விட்டுப் பிசைந்து, பிஸ்டன் தலையில் அப்பி, ஹெட்டை வைத்து முடுக்கி, இன்ஜினைக் கையால் இரண்டு சுற்று சுற்றுவோம். பிறகு ஹெட்டைக் கழற்றினால் வால்வு அமுக்கிய பள்ளம் மாவில் இருக்கும். பிளேடால் குறுக்கே வெட்டி, பள்ளத்தின் அடியில் மிஞ்சிய மாவின் கனத்தை அளந்தால் அதுதான் இடைவெளி. ஜன்னல் கண்ணாடிக்கு வைக்கும் மக்கை ஃபோர்மேன் தொடவிட மாட்டார். அதில் சுண்ணாம்புத்தூள் இருக்கும், சிலிண்டரைக் கீறிவிடும் என்பார்.

ஆனால் அப்போது அரிசி மாவுக்கு எங்கே போவது? ரேஷன் அரிசியில் ஒரு பிடியை அரைக்கச் சொல்லி யாரிடம் கேட்பது? கேட்டாலும் வேலியைத் தாண்டி எப்படிக் கொண்டுவருவது? ஃபோர்மேன் துரையிடம் சொன்னார். துரை சிரித்துவிட்டு, அரிசி தர முடியாது, ஸ்டோரில் கோதுமை மாவு இருக்கிறது, அதில் ஒரு டின் எடுத்துக்கொள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். இன்ஜின் வேலைக்காக ஒரு டின் மாவு வேலிக்கு வெளியே போக அனுமதி என்று கையெழுத்துப் போட்ட சீட்டு.

"எந்த மாவா இருந்தா என்னா லா, மாவு மாவுதானே" என்றார் ஃபோர்மேன்.

நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கேட்டில் அன்று சோதனைக்கு நின்றவன் ஒரு மலாய்க்காரன், ஸ்பெஷல் கான்ஸ்டபிள். மஸ்ஜித் தானா பக்கத்து மலாய்க் கிராமம் ஒன்றிலிருந்து வந்த கம்போங்காரன். என் வயதுதான் இருக்கும். சீட்டைத் திருப்பித் திருப்பிப் படித்தான். டின்னைத் திறந்து விரலை விட்டுப் பார்த்தான்.

"கெரெத்தா புன் மாக்கான் ரொட்டி?" என்றான். காரும் ரொட்டி தின்னுமா என்று கேட்கிறான். பின்னால் வரிசையில் நின்ற பெண்களில் ஒருத்தி, "தொரை காராச்சே, நெய் தடவித்தான் தின்னும்" என்றாள். அவளே மலாயிலும் சொன்னாள். அவன் விழுந்து விழுந்து சிரித்து என்னைப் போகச் சொன்னான். அதற்குப் பிறகு என்னைப் பார்க்கும்போதெல்லாம், கார் சாப்பிட்டாயிற்றா என்று கேட்பான். துரையின் காரில் காவலுக்குப் போகிற இரண்டு பேரில் அவனும் ஒருவன்.

மாவைப் பிசைந்தேன். ஆறு பிஸ்டனிலும் அப்பினேன். வால்வுகளில் ஒட்டாமல் இருக்க எண்ணெய் தடவினேன். ஹெட்டை வைத்து முடுக்கி, ஃபோர்மேன் மெதுவாக இரண்டு சுற்று சுற்றினார். பிறகு நட்டுகளை வரிசைப்படி கழற்றி ஹெட்டைத் தூக்க அரை மணி ஆயிற்று. ஃபோர்மேன் பிளேடால் வெட்டினார். நான் அளந்தேன். குறைந்தது எண்பது தௌ வேண்டும். எல்லாவற்றிலும் தொண்ணூறுக்கு மேல் இருந்தது. ஐந்தாவதில் தொண்ணூற்றிரண்டு.

"கார் ரொட்டிய தின்னுட்டு ஏப்பம் விட்டுச்சு" என்றார் ஃபோர்மேன். "சுத்தம் பண்ணு. மத்தியானம் மூடிருவோம்."

பிஸ்டன் தலைகளைத் துடைத்தேன். டின்னில் மாவு பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. பிசைந்ததில் ஓர் உருண்டையும் மிச்சம். அதைப் பெஞ்சின் மேல் வைத்து, ஏதோ நினைவில் கட்டைவிரலால் ஆழமாக அமுக்கினேன். துணியை அலசிவிட்டுத் திரும்பி வந்து பார்த்தபோது விரல் பதிந்த பள்ளம் பாதிக்கு மேல் மேலே எழும்பியிருந்தது.

மறுபடியும் அமுக்கினேன். நின்று பார்த்தேன். மாவு மெதுவாக மேலே வந்தது. வீட்டில் அக்கா சுட்ட ரொட்டிக்கு எத்தனை தடவை நான் பிசைந்து கொடுத்திருக்கிறேன். தேய்த்த ரொட்டி சுருங்கிப் பழைய அளவுக்குத் திரும்புவது எனக்குத் தெரியாததா? அரிசி மாவு அமுக்கினால் அமுங்கினபடியே கிடக்கும். கோதுமை மாவு திரும்பி வரும். அப்படியானால் நான் அளந்தது வால்வு அமுக்கிய கனம் இல்லை. அரை மணி நேரத்தில் மாவு எழும்பி வந்த கனம். உண்மையான இடைவெளி எவ்வளவு? அறுபதா, ஐம்பதா? எனக்குத் தெரியவில்லை.

ஃபோர்மேன் வாசலில் துரையோடு பேசிக்கொண்டிருந்தார். நான் உருண்டையைக் கையில் எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் நின்றேன். துரை வால்வு ஸ்பிரிங்கைப் பற்றி ஏதோ கேட்க, ஃபோர்மேன், "எல்லாம் அளந்தாச்சு தொரை. ஒரு மயிரிழை தப்பாது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். துரை என்னைப் பார்த்தார். ஃபோர்மேனும் திரும்பினார்.

"என்னா லா வேணும்?"

"ஒண்ணுமில்லண்ணே" என்றேன்.

நான் சொன்னது அவ்வளவுதான். அவர் சொன்னதைத் துரைக்கு முன்னால் பொய்யாக்க எனக்கு வாய் வரவில்லை. துரை போன பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். துரை போகவில்லை. ஹெட்டை மூடும்வரை ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டு பார்த்தார். நான் நட்டுகளை எடுத்துக் கொடுத்தேன். கடைசி நட்டு இறுகிய பிறகு, இனிமேல் சொன்னால் ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்பார்கள் என்று பட்டது. மிச்ச மாவை எறிய மனம் வராமல் டின்னோடு வீட்டுக்கு எடுத்துப் போய் அக்காவிடம் கொடுத்தேன். உள்ளே வருகிறவர்களை கேட்டில் சோதிப்பதில்லை. சீட்டு என் சட்டைப் பையிலேயே இருந்தது.

ஒன்பது நாள் கார் ஓடியது. மச்சானுக்குத் தலைகால் புரியவில்லை. "மாப்ள, மேட்டுல ஏறுறப்போ தகட்டையெல்லாம் கழட்டிட்டீங்களோன்னு எறங்கிப் பாத்தேன்" என்றார். அக்காவிடம், "ஒன் தம்பி பேச மாட்டான். அவன் செஞ்ச இன்ஜின் பேசுது" என்றார். நாள் போகப்போக என் சந்தேகம் தேய்ந்துவந்தது. ஒன்பதாம் நாள் அநேகமாக மறந்தேபோனேன். அது மெல்ல ஓடும்போது தெரியாத குறை, எல்லைக்கு மேல் விரட்டும்போதுதான் தெரியும் என்பதை நான் நினைத்துப் பார்க்க விரும்பவில்லை.

பத்தாம் நாள் காலை மேட்டுப் பக்கத்திலிருந்து வெடிச் சத்தம் கேட்டது. முதலில் இரண்டு, பிறகு எண்ண முடியாமல். ஃபோர்மேன் கையிலிருந்த ஸ்பேனரை மெதுவாகப் பெஞ்சில் வைத்தார். பிறகு ராணுவ லாரி போகும் சத்தம். சத்தம் நின்றது. பத்து மணிக்கு லாரியில் கட்டி இழுத்துக் காரைக் கொண்டுவந்தார்கள்.

நடந்ததை மச்சான் வாயிலிருந்து கேட்க எனக்கு அன்று வாய்க்கவில்லை. காரில் காவலுக்குப் போன இன்னொரு கான்ஸ்டபிள் சொன்னது இதுதான். வளைவில் சுட ஆரம்பித்ததும் மச்சான் கியரைக் குறைத்துக் காலை முழுதாக அமுக்கினார். கார் பாய்ந்தது. இன்ஜின் வீறிட்டது. வளைவைத் தாண்டியதும் உள்ளே ஒரு சத்தம். அதோடு நின்றுவிட்டது. நின்ற காரிலிருந்து இறங்கித்தான் காவலுக்கு வந்த இரண்டு பேரும் திருப்பிச் சுட்டார்கள். கார் ரொட்டி தின்னுமா என்று கேட்டவன் அங்கேயே செத்துப்போனான். துரைக்குக் கண்ணாடி உடைந்து கையில் காயம். மச்சான் மேல் கீறல்கூட இல்லை. அதுவே அவருக்கு எதிராகப் போயிற்று.

ஹெட்டைக் கழற்றினோம். ஐந்தாவது பிஸ்டனின் தலையில் பிறை மாதிரி ஒரு வெட்டு. வால்வு வளைந்து கிடந்தது. ஃபோர்மேன் அந்தப் பிறையை விரலால் தொட்டுப் பார்த்தார். நான் அப்போதுதான் சொன்னேன். மாவு எழும்பி வந்ததை, கட்டைவிரலை, எல்லாவற்றையும். பேசிப் பழகாத வாயிலிருந்து அது எப்படி வந்ததென்று தெரியவில்லை.

அவர், "எப்ப பாத்த?" என்று கேட்கவில்லை. "யார்கிட்டயும் சொல்லாத" என்றார். "கியரைத் தப்பாப் போட்டான், இன்ஜின் தாங்கல. அவ்வளவுதான். புரியுதா?"

புரிந்தது. ஆனால் கியரைத் தப்பாகப் போட்டவர் என்றால் அது மச்சான்.

போலீசுக்கும் அந்தக் கேள்விதான் இருந்தது. தோட்டத்திலேயே நல்ல இன்ஜின், அந்த இடத்தில் ஏன் நின்றது? டிரைவர் மேல் ஏன் ஒரு குண்டுகூடப் படவில்லை? மத்தியானம் எங்கள் வீட்டைச் சோதனை போட்டார்கள். ரேஷன் கணக்கில் வராத மாவு, கால் டின்னுக்கு மேல், அடுப்புக்குப் பின்னால் இருந்தது. நான் ஒர்க்‌ஷாப்பில் இருந்தேன். இதெல்லாம் அக்கா பிறகு சொன்னது. மாவு யாருடையது என்று கேட்டிருக்கிறார்கள். அக்கா வாயைத் திறப்பதற்குள் மச்சான், "நான்தான் கொண்டாந்தேன்" என்றிருக்கிறார். எங்கிருந்து, யாருக்கு என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. எப்படி வந்ததென்று அவருக்குத் தெரியும். சீட்டு ஒன்று இருந்ததும் தெரியும். என்னையும் இழுக்க வேண்டாம் என்று நினைத்திருக்கிறார். எப்போதும்போல என் பேச்சையும் சேர்த்து அவரே பேசினார்.

கூட்டிக்கொண்டு போனார்கள். காட்டுக்காரர்களுக்கு உணவு கொடுத்தான், காரை நிறுத்திக் கொடுத்தான். அந்தக் காலத்தில் அந்த இரண்டு சந்தேகமும் சேர்ந்தால் விசாரணையே இல்லாமல் முகாமில் அடைக்கலாம். கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பலாம். தூக்குக் கயிறுவரைக்கும் போகலாம் என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள்.

சீட்டு என் பையில் இருந்தது. அதைக் காட்டினால் மாவு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும். மாவு எதற்கு என்று சொன்னால் இன்ஜின் ஏன் நின்றது என்றும் தெரிந்துவிடும். நான் செய்ய வேண்டியது அது ஒன்றுதான். சாயங்காலம் ஃபோர்மேனிடம் சீட்டைக் காட்டினேன்.

"போய்ச் சொல்லு" என்றார். "ஒருத்தனப் புடிச்சாங்க. நீ போனா மூணு பேரா புடிப்பாங்க. அளந்தவன் நீ, மூடுனவன் நான். பந்தயக் கார் மாதிரி செய்யத் தெரிஞ்சவனுக்கு இது தெரியாமலா போச்சுன்னு கேப்பாங்க. கான்ஸ்டபிள் செத்திருக்கான்லா. நெனச்சுப் பாரு."

நினைத்துப் பார்த்தேன். ஒரு நாள் நினைத்தேன். இரண்டாம் நாள் துரை மலாக்கா ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்று காலையே அவர் திரும்பிவிட்டது எனக்குத் தெரியும். மூன்றாம் நாள் அவருடைய பங்களாவுக்குப் போகும் பாதையில் பாதிதூரம் போய்த் திரும்பினேன். அக்கா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. சோறு போட்டாள். கொழம்பு வேண்டுமா என்று கேட்க ஆள் இல்லாமல், இருந்ததைத் தின்றுவிட்டு எழுந்தேன்.

நான்காம் நாள் காலை அவள் அடுப்பு முன்னால் உட்கார்ந்து, எங்கேயோ பார்த்துக்கொண்டு, "அந்த மாவு எதுக்குன்னு நீ சொல்லவே இல்லையே தம்பி" என்றாள். அவளுக்கு இன்ஜினைப் பற்றி ஒன்றும் தெரியாது. கோபமாகக்கூடக் கேட்கவில்லை. பக்கத்து வீட்டில் ரேஷனில் வந்த கோதுமை மாவில் ஒரு கிண்ணம் கேட்டு வாங்கினேன். பிசைந்து, ஈரத்துணியில் சுற்றிக்கொண்டேன். பங்களா வேலிக்குள்தான் இருந்தது, அதனால் கேட்டைத் தாண்ட வேண்டியிருக்கவில்லை.

துரை வராந்தாவில் கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்திருந்தார். நான் செருப்பைக் கழற்றிவிட்டுக் கீழ்ப்படியில் நின்றேன்.

"என்ன?"

சீட்டை எடுத்து மேல்படியில் வைத்தேன். துணியைப் பிரித்து மாவை அதன் பக்கத்தில் வைத்தேன். கட்டைவிரலால் ஆழமாக அமுக்கிவிட்டுக் கையை எடுத்தேன்.

"பாருங்க தொரை" என்றேன்.

அவர் முதலில் என்னைப் பார்த்தார், பிறகு மாவை. இடது கையால் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டார். பள்ளம் மெல்ல மெல்ல எழும்பியது. அவர் முகம் மாறுவதைப் பார்த்தேன். பந்தயம் ஓட்டியவருக்கு நான் அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. குனிந்து தன் விரலாலும் அமுக்கிப் பார்த்தார். சிகரெட் தீரும்வரை மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்த சிலிண்டர்?"

"அஞ்சு, தொரை."

"நீ இதை எப்ப பாத்த?"

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். காரைத் திறந்த பிறகு என்று சொல்லலாம். அப்படிச் சொன்னாலும் மச்சானுக்குப் போதும். வரும் வழியெல்லாம் அதைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

"மூடுறதுக்கு முன்னாலயே, தொரை."

"நான் அங்கதானே உக்காந்திருந்தேன்."

"ஆமா தொரை."

"அப்புறம் ஏன் சொல்லல?"

நான் படியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கையில் ஒட்டியிருந்த மாவு காய்ந்து உதிர்ந்தது. அவர் அடிக்கவில்லை, திட்டவுமில்லை. எழுந்து உள்ளே போனார். டைப்ரைட்டர் சத்தம் கேட்டது, ஒரு கையால் தட்டும் சத்தம், விட்டு விட்டு. வெளியே வந்து, "உன் மச்சானை நேத்தே முகாமுக்கு அனுப்பிட்டாங்க. கடிதம் போகும். எவ்வளவு நாள் ஆகும்னு எனக்குத் தெரியாது" என்றார். பிறகு, "நாளைக்கு நீ வேலைக்கு வர வேண்டாம்" என்றார்.

என்னையும் ஃபோர்மேனையும் போலீஸ் கூப்பிட்டு இரண்டு நாள் விசாரித்தது. துரையின் கடிதம் இருந்ததால் விட்டுவிட்டார்கள். ஃபோர்மேன் என்னோடு அதற்குப் பிறகு பேசவில்லை. நானும் அக்காவும் மலாக்கா டவுனுக்கு வந்தோம். லாரி பழுதுபார்க்கும் இடம் ஒன்றில் எனக்கு வேலை கிடைத்தது.

மச்சான் வர ஏழு மாதம் ஆயிற்று. திரும்பவும் அந்தத் தோட்டத்துக்குப் போகக் கூடாது, வாரம் ஒருதரம் போலீஸ் டேசனில் போய்ப் பதிவு செய்ய வேண்டும் என்ற நிபந்தனையோடு விட்டார்கள். முன்பல் இரண்டு இல்லை. இடது காது கேட்கவில்லை. அதிகம் பேசாதவராக வந்திருந்தார். வீட்டில் பேச்சே இல்லாமல் போயிற்று. கொஞ்ச காலம் கழித்து அக்காவைக் கூட்டிக்கொண்டு சுங்கை ரம்பாய் பக்கம் ஒரு கொட்டைப்பாக்குக் கொட்டகையில் வேலைக்குப் போனார். கார் ஓட்டவே இல்லை.

மஸ்ஜித் தானா வழியாக பஸ்ஸில் பல தடவை போயிருக்கிறேன். அந்த கான்ஸ்டபிளின் அப்பா அங்கே பாசாரில் மீன் கடை வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஒரு தடவைகூட அங்கே இறங்கியதில்லை.

ஒரு தடவை அக்காவைப் பார்க்க சுங்கை ரம்பாய்க்குப் போனபோது அவள் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். மச்சான் எதிரில் உட்கார்ந்திருந்தார். நான் அவருடைய வலது பக்கமாகப் போய் உட்கார்ந்தேன். திடீரென்று என்னைப் பார்த்து, "தொரைகிட்ட என்னமோ செஞ்சு காட்டினியாமே. எனக்கும் காட்டு" என்றார்.

அக்கா கையை எடுத்துக்கொண்டாள். நான் ஓர் உருண்டையை எடுத்துப் பலகையில் வைத்துக் கட்டைவிரலால் அமுக்கினேன். மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். பள்ளம் ஏறி வந்தது.

"தொரைக்குப் புரிய எவ்வளவு நேரம் ஆச்சு?" என்று கேட்டார்.

"ஒரு சிகரெட் பிடிக்கிற நேரம், மச்சான்."

"அவ்வளவுதானா" என்றார். பலகையை அக்கா பக்கம் தள்ளிவிட்டு, "என்னைய மூணாம் நாள்தான் டேசன்லேருந்து முகாமுக்குக் கொண்டுபோனாங்க. அதுவரைக்கும் ஒண்ணும் செய்யல. டீகூடக் குடுத்தாங்க" என்றார்.

அக்கா அந்த உருண்டையை எடுத்து மற்ற மாவோடு சேர்த்துத் தேய்க்க ஆரம்பித்தாள். ரொட்டி வந்ததும் மச்சான் சாப்பிட்டார். நானும் சாப்பிட்டேன். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தேன். வாசல்வரை அவர் வந்தார். அந்த மூன்று நாளைப் பற்றி எனக்குச் சொல்ல வேண்டியது இருந்தது, அவருக்கும் அது தெரிந்தது. கேட்கும் காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார்.

பஸ் வரும்வரை நின்றார். நான் சொல்லவில்லை.